ஓய்வூதிய நிதியின் தலைமை முதலீட்டு அதிகாரி அப்படி என்னதான் செய்கிறார்? எதற்கு அவருக்கு அவ்வளவு சம்பளம்?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு பொது ஓய்வூதிய நிதியின் சந்தாதாரர், அதன் சம்பளப் பட்டியலைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் இங்கே வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கொதிப்பதில் தப்பில்லை. மாதாமாதம் பிடித்தம் போகிறது, கையில் வருவது கொஞ்சம், அதை வைத்து வேலை பார்க்கிற ஒருவருக்கு இவ்வளவா என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் கேள்விக்குக் கீழே "இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், குரங்குகூடச் செய்யும்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே (இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுகிற ஃபண்ட்), அதுதான் எனக்குச் சுருக்கென்று குத்தியது. நான் அப்படிப்பட்ட ஒரு நிதியின் முதலீட்டுப் பிரிவில் 17 வருடம் இருந்தவன். சி.ஐ.ஓ. (தலைமை முதலீட்டு அதிகாரியைச் சுருக்கி அப்படித்தான் சொல்வோம்) இல்லை, அவருக்கு இரண்டு படி கீழே. எந்த நிதி, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். சி.ஐ.ஓ. உட்கார்ந்து பங்கு பொறுக்குவதில்லை. மொத்தப் பணத்தில் எவ்வளவு பங்குகளில், எவ்வளவு கடன் பத்திரங்களில், எவ்வளவு கட்டடம், சாலை, பிரைவேட் ஈக்விட்டி (சந்தையில் பட்டியலிடாத நிறுவனங்களில் போடும் முதலீடு) போன்றவற்றில் என்று ஒரு பங்கீடு உண்டு. அதைத் தயாரித்து, அறங்காவலர் குழுவை ஒப்புக்கொள்ள வைத்து, அதன்படி நடத்துவதுதான் அவருடைய முதல் வேலை. 1986இல் பிரின்சன், ஹூட், பீபவர் என்ற மூவர் அமெரிக்காவின் 91 பெரிய ஓய்வூதிய நிதிகளை எடுத்துப் பார்த்தார்கள். வருமானம் காலாண்டுக்குக் காலாண்டு ஏறி இறங்குவதில் சராசரியாக 93.6 சதவீதத்தை இந்தப் பங்கீடு ஒன்றே விளக்கிவிடுகிறது என்று கண்டார்கள். (இது ஏற்ற இறக்கத்தைப் பற்றிய எண். "வருமானத்தில் 93.6 சதவீதம் பங்கீட்டால் வருகிறது" என்று சொல்கிறவர்கள் தப்பாகப் படித்தவர்கள். யாராவது கீழே வந்து சண்டை போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.)

அப்படியென்றால் பங்கீட்டை ஒரு தடவை எழுதி வைத்தால் முடிந்தது, அப்புறம் ஆள் எதற்கு என்பீர்கள். நானும் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். எழுதுவது பெரிய விஷயமில்லை. எழுதினபடி நிற்க வேண்டிய நாள் ஒன்று வரும், அன்றைக்கு அறையில் இருக்கிற யாருக்கும் நிற்கத் தோன்றாது. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதை எழுதத்தான் இந்தப் பதிலையே ஆரம்பித்தேன்.

2020 மார்ச், கொரோனா நேரம். அப்போது எங்கள் கொள்கை ஆவணத்தில் பங்குகளுக்கு 50 சதவீதம், இரண்டு பக்கமும் 5 சதவீதம் விலகலாம் என்று இருந்தது. 45க்குக் கீழே போனால் கடன் பத்திரத்தை விற்றுப் பங்கு வாங்க வேண்டும். ரீபேலன்சிங் என்று சொல்வார்கள், கேட்க என்னவோ வண்டிச் சக்கரத்தைச் சரிபார்ப்பது போல இருக்கும். அந்த மார்ச்சில் அமெரிக்கச் சந்தை 9, 12, 16, 18 என்று நான்கு நாட்கள் திறந்த சற்று நேரத்திலோ நடுப்பகலிலோ, விலை வேகமாக விழுந்ததால் விதிப்படி தானாகக் கொஞ்ச நேரம் நிறுத்தப்பட்டது. பிப்ரவரி 19 உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500 சுமார் 34 சதவீதம் விழுந்தது. எங்கள் பங்குப் பங்கீடு 43க்கு வந்துவிட்டது.

பங்கு விழுந்தது மட்டும் என்றால் பரவாயில்லை. பணம் நான்கு பக்கம் ஒரே நேரத்தில் இழுத்தது. வெளிநாட்டுப் பங்குகளின் நாணய ஆபத்தைக் குறைக்க ஃபார்வர்டு ஒப்பந்தங்கள் போட்டிருந்தோம், அதாவது பின்னால் ஒரு தேதியில் இன்ன விலைக்கு டாலரை விற்கிறோம் என்று முன்கூட்டியே போடும் ஒப்பந்தங்கள். டாலர் ஏற ஏற அந்த ஒப்பந்தங்களில் நஷ்டம், முடிகிற தேதியில் ரொக்கமாகக் கட்டியே ஆகவேண்டும். வெளிநாட்டுப் பங்குகளில் டாலர் ஏறிய அளவுக்கு லாபம் இருக்கிறதே என்றால், அது காகிதத்தில், இது கையிலிருந்து. பிரைவேட் ஈக்விட்டிக்காரர்கள் நாங்கள் என்றோ ஒப்புக்கொடுத்த தொகையைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள், பத்து நாளில் கட்ட வேண்டும். மாதக் கடைசியில் ஓய்வூதியர்களுக்குப் போக வேண்டியது வழக்கம்போலப் போயாக வேண்டும். இதற்கெல்லாம் விற்கலாம் என்று வைத்திருந்த அரசுக் கடன் பத்திரங்களிலேயே அந்த வாரங்களில் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவே வழக்கமில்லாத இடைவெளி. உலகம் முழுக்க எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ரொக்கம் வேண்டியிருந்தது.

நான் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். ரீபேலன்சிங்கை இரண்டு வாரம் தள்ளிப் போடலாம், நிலைமை தெளிந்த பிறகு வாங்கலாம் என்று. வரைபடமெல்லாம் போட்டு, அழகாக. அடியில் கையெழுத்துப் போட்டு எங்கள் சி.ஐ.ஓ. மேடம் மேஜையில் வைத்தேன். அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த கடைசி வாரம் அது.

மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். குரல் உயராத மனுஷி. குறிப்பை முழுசாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இரண்டு வாரம் கழித்து உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும், இப்போது தெரியாதது?"

நான் வாயைத் திறந்தேன், மூடினேன். எனக்கு என்ன தெரிந்திருக்கும்? விலை ஏறியிருந்தால் தெளிந்துவிட்டது என்று சொல்லி அதிக விலையில் வாங்குவோம். இறங்கியிருந்தால் இன்னும் இரண்டு வாரம் கேட்டு இன்னொரு குறிப்பு எழுதுவேன். நான் எழுதியது பகுப்பாய்வு இல்லை, பயம். வரைபடம் போட்ட பயம்.

அவர் அதைக் கிழித்துப் போடவில்லை. "இது குழுவின் கோப்பில் போகட்டும், உங்கள் பெயரோடு. மாற்றுக் கருத்து இருந்தது என்று பின்னால் பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்" என்றார். அன்றைக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. இன்றைக்கும் பாதி அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் அறங்காவலர் கூட்டம், வீடியோவில். பாதிப் பேருக்கு மைக்கை எப்படித் திறப்பதென்று தெரியவில்லை. ஓய்வூதியர்கள் சார்பில் இருந்த ஒரு பெரியவர் கடைசியில் மைக்கைத் திறந்து, "வீடு பற்றி எரிகிறது, நீங்கள் உள்ளே போய்ச் சாமான் வாங்குகிறேன் என்கிறீர்கள்" என்றார். நல்ல மனிதர். அவர் பின்னால் ஆயிரக்கணக்கான பேரின் ஓய்வூதியம் இருந்தது. மேடம் வாதம் செய்யவில்லை. இரண்டு வருடம் முன்னால், சந்தை அமைதியாக இருந்தபோது நிறைவேற்றிய கொள்கையின் பக்கத்தைத் திரையில் காட்டினார். "இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்று பயமில்லாத நாளில் நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம் சார். இது என் முடிவு இல்லை, உங்கள் முடிவு. இன்றைக்கு மாற்ற வேண்டுமென்றால் தீர்மானம் போட்டு மாற்றுங்கள், நான் அதன்படி நடக்கிறேன்." பக்கத்தின் அடியில் அந்தப் பெரியவருடைய கையெழுத்தும் இருந்தது. யாரும் தீர்மானம் போடவில்லை.

அந்தப் பக்கத்தை நிறைவேற்றிய கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதியத்துக்குப் பிறகு, பாதிப் பேர் தூக்கத்தில். இதற்கு எதற்கு மூன்று கூட்டம், ஒரே கூட்டத்தில் முடிக்கலாமே என்று நானே முணுமுணுத்தேன். ஒவ்வொருவரையும் மேடம் தனித்தனியாகக் கேட்டு, பங்கு 30 சதவீதம் விழுந்தால், 40 விழுந்தால் என்ன செய்வது என்று அவரவர் வாயாலேயே சொல்ல வைத்தார். நீங்கள் கேட்ட சம்பளம் அந்தத் தூங்கிவழிந்த மூன்று கூட்டங்களுக்குத்தான் என்று சொல்வேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் இல்லை. முதலில் மூன்று மாத ஓய்வூதியத்துக்கும் ஒப்பந்தங்களுக்கும் வேண்டிய ரொக்கத்தைத் தனியே எடுத்து வைத்தார். மிச்சத்தை மூன்று தவணையாகப் பிரித்து, 50 வரைக்கும் போகாமல் 45ஐத் தொட்டதும் நிறுத்தினார். கொள்கை அந்த அளவுக்குத்தான் கட்டாயம் என்றது.

"சந்தை ஏறிவிட்டது, அதனால் இப்போது கதை சொல்கிறாய்" என்று யாராவது எழுதுவார்கள். ஆகஸ்ட் 18க்குள் எஸ் அண்ட் பி பழைய உச்சத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் அதை வைத்து அவர் சரி என்று நான் சொல்லவே இல்லை. 2008 அக்டோபரில் இதே விதிப்படி வாங்கியவர்கள் 2009 மார்ச் 9 வரைக்கும் விழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களும் சரியாகத்தான் செய்தார்கள். 2020இல் சந்தை இன்னும் ஒரு வருடம் விழுந்திருந்தால் மேடத்தின் வேலை போயிருக்கும், என் குறிப்பு தீர்க்கதரிசனம் ஆகியிருக்கும். அப்போதும் அது பயத்தில் எழுதியதுதான்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நழுவிவிட்டான் என்பீர்கள். பிரைவேட் ஈக்விட்டியில் வெளி மேலாளருக்குப் பழக்கமான கட்டணம், வருடத்துக்கு 2 சதவீதம், அதோடு லாபத்தில் 20 சதவீதம். நீங்கள் 1,000 கோடி ஒப்புக்கொடுத்தால், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வருடத்துக்கு 20 கோடி போய்விடும். இது எந்தச் செய்தித்தாளின் முதல் பக்கத்திலும் வருவதில்லை, ஏனென்றால் இதில் ஒரு ஆளின் பெயரும் புகைப்படமும் இல்லை. கனடாவின் ஒண்டாரியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதி 1990இல் தனி அமைப்பானபோது இந்தக் கணக்கைத்தான் போட்டது. வெளியே கொடுப்பதற்குப் பதில் நல்ல சம்பளத்துக்கு ஆட்களை உள்ளேயே வைத்துக்கொள்வோம் என்றது. "கனடா மாடல்" என்று உலகமே பிறகு அதைப் பேசியது. அவர்களும் தப்பு செய்யாமல் இல்லை. எஃப்.டி.எக்ஸ். கிரிப்டோ நிறுவனத்தில் போட்ட 9.5 கோடி டாலரை 2022இல் முழுக்க நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். நல்ல சம்பளம் கொடுத்தால் முட்டாள்தனம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், சம்பளத்தைவிட எத்தனை வருடம் இருக்கிறார் என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் இரண்டு பெரிய நிதிகள். ஆசிரியர்களுக்கான கால்ஸ்டர்ஸில் கிறிஸ்டோபர் ஏல்மன் 2000 முதல் 2024 வரை சி.ஐ.ஓ.வாக இருந்தார். அரசு ஊழியர்களுக்கான கால்பர்ஸில் பென் மெங் 2019 ஜனவரியில் வந்து 2020 ஆகஸ்டில் போனார். அப்புறம் ஒன்றரை வருடத்துக்கு மேல் நிரந்தரமான ஆளே இல்லை. 2022 மார்ச்சில் நிக்கோல் முசிக்கோ வந்தார், 2023 செப்டம்பரில் அவரும் போனார். பிரைவேட் ஈக்விட்டியில் ஒரு நிதியின் ஆயுளே பத்து வருடம். வாங்குகிறவர் ஒருவர், திட்டு வாங்குகிறவர் இன்னொருவர், பெயர் வாங்குகிறவர் மூன்றாமவர் என்றால் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பீர்கள்?

எங்கள் மேடமும் நிலைக்கவில்லை. 2021 கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. காரணம் எழுத்தில் இல்லை. ஆனால் அந்த வருடம் அவருடைய சம்பளம் செய்தியில் வந்து, உங்களைப் போலவே நிறையப் பேர் கொதித்திருந்தார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது, கீழே எங்கேயோ. அது போதும், சொந்தக்காரர் எல்லோருக்கும் எந்தப் பங்கு வாங்கலாம் என்று என்னிடம் கேட்க. பங்கு பொறுக்குவது என் வேலை இல்லை என்றால், பெரிய இடத்துக்குப் போனதும் கர்வம் என்றார்கள். மாமா ஒருவர் இன்னும் பேசுவதில்லை.

இதைவிட ஒரு கூத்து இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட முடியவில்லை. நான் போன வருடம் ஓய்வு பெற்றேன். 17 வருடம் எந்த நிதியின் பணத்தைப் பார்த்துக்கொண்டேனோ அதே நிதியிடம் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தேன். படிவம் மூன்று தடவை திரும்பி வந்தது, "கையெழுத்து பொருந்தவில்லை" என்று. முதலீட்டுப் பிரிவுக்கும் ஓய்வூதியப் பட்டுவாடாப் பிரிவுக்கும் நடுவே ஒரே ஒரு மாடிப்படிதான், ஆனால் அந்தப் படியில் யாரும் ஏறுவதில்லை, இறங்குவதும் இல்லை. சேர்ந்த அன்றைக்குப் போட்ட கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்களாம். வயதானால் கை மாறாதா? சமீபத்தில் போட்ட, அலுவலகக் கோப்பிலேயே உள்ள ஏதாவது ஒரு கையெழுத்தைக் காட்டுங்கள் என்றார் அந்தப் பிரிவின் பெண்.

யோசித்துப் பார்த்தேன். கடைசிச் சில வருடங்கள் எல்லாமே மின்னஞ்சல், திரையில் ஒரு சொடுக்கு, ஒப்புதல். பேனாவால் போட்டுக் கோப்பில் இருப்பது என்று எனக்கு நினைவுக்கு வந்தது ஒன்றுதான். 2020 மார்ச், அறங்காவலர் குழுக் கோப்பு, ரீபேலன்சிங்கைத் தள்ளிப் போடச் சொல்லும் இரண்டு பக்கக் குறிப்பு, அடியில் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.