தேர்வு செய்பவர் மனிதர் என்றால் மென்பொருளுக்குப் பொறுப்பு இல்லையா?

கேள்வி: வேலைக்கு வரும் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை எங்கள் சிறு நிறுவனம் தயாரித்துள்ளது. ஐரோப்பாவில் எங்களுக்கு அலுவலகம் இல்லை. எங்கள் வணிகப் பெயரை மாற்றாமலே அதை வாங்க விரும்பும் ஜெர்மானிய நிறுவனம், "இது உயர் ஆபத்து வகை அல்ல" என்று எழுதித் தரச் சொல்கிறது. இறுதி முடிவை அவர்களுடைய மனிதவள அதிகாரியே எடுப்பதால், எழுதித் தரலாமா?

பதில்: எழுதித் தராதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமான 2024/1689 ஒழுங்குமுறை, ஒன்றியச் சந்தையில் மென்பொருளை விற்பவரின் அலுவலகம் எங்கிருந்தாலும் அவரைக் கட்டுப்படுத்தும். விண்ணப்பங்களை வடிகட்டுவதும் விண்ணப்பதாரர்களை மதிப்பிடுவதும் அதன் மூன்றாம் இணைப்பில் உயர் ஆபத்துப் பயன்பாடுகளாகவே, அதாவது கடுமையான கடமைகளுக்கு உட்பட்டவையாகவே, குறிக்கப்பட்டுள்ளன. ஆயத்தப் பணி மட்டும் செய்யும் மென்பொருளுக்கு 6(3) பிரிவு விலக்கு தருகிறது என்பது உண்மைதான். ஆனால், தனிநபர்களின் விவரங்களைக் கொண்டு அவர்களைத் தானியங்கியாக எடைபோடும் மென்பொருளுக்கு அவ்விலக்கு கிடையாது என்று அதே பிரிவின் கடைசி வாக்கியம் கதவை அடைத்துவிடுகிறது. ஒருவருடைய படிப்பையும் பணி இடைவெளியையும் பார்த்து மதிப்பெண் இடும் உங்கள் மென்பொருள் அந்த வாக்கியத்துக்குள்தான் வரும்.

மனிதவள அதிகாரி இருக்கிறார் என்பது உங்கள் கடமையைக் குறைக்காது, உண்மையில் கூட்டுகிறது. மதிப்பெண்ணை அவர் புரிந்துகொள்ளவும், அதைக் கண்ணை மூடி நம்பிவிடும் போக்கை உணர்ந்திருக்கவும், வேண்டுமானால் புறக்கணிக்கவும் வழிசெய்து மென்பொருளை வடிவமைக்க வேண்டியவர் நீங்கள் என்கிறது 14-ஆம் பிரிவு. குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் யாரும் திறக்காத நான்காம் பக்கத்தில் கிடந்தால், அந்த மேற்பார்வை பெயரளவுக்கே என்பது என் கருத்து.

இதுதவிர, இடர் மேலாண்மை, பயிற்சித் தரவில் பாரபட்சம் உள்ளதா என்ற ஆய்வு, 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய தொழில்நுட்ப ஆவணம், மென்பொருள் தானாகவே உருவாக்கும் செயல்பாட்டுப் பதிவுகளில் உங்கள் வசம் இருப்பவற்றைக் குறைந்தது 6 மாதம் வைத்திருத்தல், ஒன்றியத்தின் தரவுத்தளத்தில் மென்பொருளைப் பதிவு செய்தல், ஒன்றிய விதிகளுக்கு இணங்குகிறது என்று காட்டும் சிஇ குறியீடு ஆகியவையும் உண்டு. விற்பதற்கு முன்பே ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை எழுத்து மூலம் நியமிக்க வேண்டும். ஓர் ஆறுதல்: இந்த வகை மென்பொருளுக்கு, சட்டத்துக்கு இணங்குகிறதா என்று பார்க்கும் இணக்க மதிப்பீட்டை வெளி அமைப்பு இல்லாமல் நீங்களே செய்துகொள்ளலாம்.

மீறினால் அபராதம் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 3 சதவீதம் வரை போகும். சிறு நிறுவனமாக இருந்தால் இவ்விரண்டில் குறைவானதே உச்சவரம்பு. இக்கடமைகள் 2026 ஆகஸ்ட் 2 முதல் பொருந்தும் என்றே சட்டம் முதலில் நாள் குறித்தது. அதைத் தள்ளிவைக்க ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் முன்மொழிந்ததால், கையெழுத்திடும் நாளில் எந்தத் தேதி நடைமுறையில் உள்ளது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செயல்பாட்டுப் பதிவுகள் யாருடைய சர்வரில் இருக்கும், மென்பொருளால் கடுமையான சம்பவம் (உதாரணமாக, அடிப்படை உரிமை மீறல்) நேர்ந்தால் ஜெர்மானிய நிறுவனத்தார் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதிகாரிகளுக்கு நீங்கள் அறிக்கை தர 15 நாட்களுக்கு மேல் அவகாசம் இல்லை.