12 வோல்ட் அடாப்டர்ல 1 வாட் எல்இடி மூணு எரியணும், எந்த ரெசிஸ்டர் போடலாம்?

6.8 ஓம்னு கணக்குப் போட்டு வாங்குன கால் வாட் ரெசிஸ்டர் கருகிப்போச்சுன்னு கேட்டிருக்கீங்க. உங்க ஓம் கணக்கு சரிதாங்க, கோட்டை விட்டது வாட்ல. வெள்ளை 1 வாட் எல்இடி 350 மில்லி ஆம்ப்ல சுமாரா 3.2 வோல்ட் எடுத்துக்கும், மூணையும் சீரிஸ்ல, அதாவது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா போட்டா 9.6, மிச்சம் 2.4 வோல்ட் ரெசிஸ்டர் தலையில விழுது, அதை 0.35ஆல வகுத்தா 6.86, கடையில கிடைக்கறது 6.8. சரி, இப்போ அதே 2.4ஐ 0.35ஆல பெருக்குங்க, 0.84 வாட் வருதா? கால் வாட் எப்படி தாங்கும்? 1 வாட் போட்டாலும் கை வைக்க முடியாத சூடு இருக்கும், 2 வாட் போடுங்க, போர்டுல ஒட்டாம கொஞ்சம் தூக்கி வச்சு சால்டர் பண்ணுங்க. கிடைக்கலேன்னா 27 ஓம் 1 வாட் நாலு வாங்கி பேரலலா, அதாவது பக்கத்துப் பக்கத்துல வச்சு முனைகளைச் சேர்த்துப் போட்டா 6.75 ஓம், சூடும் நாலா பிரிஞ்சுடும்.

நான் போடறதா இருந்தா 8.2 ஓம்தான், கரண்ட் 300 மில்லி ஆம்ப்கிட்ட இறங்கும், ஆனா வெளிச்சம் குறைஞ்சது கண்ணுக்கே தெரியாது.

சில பேர் ஒரே ஒரு எல்இடிய 12 வோல்ட்ல மாட்டி 27 ஓம் போடச் சொல்வாங்க, கேக்காதீங்க, எல்இடி எடுக்கறதே 1 வாட், ரெசிஸ்டர் சும்மா கிட்டத்தட்ட 3 வாட்ட சூடாக்கி விடும், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் போட்டா தாங்கும்தான், ஆனா இது லைட்டா ஹீட்டரா? ஒரே ஒரு எல்இடிதான் வேணும்னா 5 வோல்ட் மொபைல் சார்ஜர்ல 5.6 ஓம் 1 வாட் போதும்.

இதெல்லாம் வோல்டேஜ் ஆடாத அடாப்டருக்கு மட்டும்! பைக் பேட்டரில மாட்டிடாதீங்க. வண்டி ஓடும்போது 14 வோல்ட்டத் தாண்டும், 6.8 ஓம்ல மிச்ச வோல்டேஜ் 2.4லேருந்து 4.8 ஆச்சுன்னா கரண்ட்டும் டபுள். அங்க 350 மில்லி ஆம்ப் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர்தான் வழி, வோல்டேஜ் ஆடினாலும் கரண்ட்ட ஒரே அளவுல வச்சிருக்கற சர்க்யூட் அது.

மாட்டி முடிச்சதும் ஒரு பத்து நிமிஷம் எரியவிட்டு ரெசிஸ்டர் ரெண்டு முனைலயும் மல்டிமீட்டர் வச்சு வோல்டேஜ் பாருங்க. ஆரம்பத்துல காட்டுனத விட ஏறிக்கிட்டே போனா எல்இடி சூடாகுதுன்னு அர்த்தம், சூடாக ஆக அது எடுக்கற வோல்டேஜ் குறையும், கரண்ட் ஏறும். அப்போ எல்இடி சூட்ட வெளிய கடத்தற உலோகத் தகடு, அதாவது ஹீட்சிங்க பெருசாக்குங்க, எல்இடிக்கு அடில சூடு கடத்தற தெர்மல் பேஸ்ட்டும் தடவுங்க.