ஜெனரேட்டர் அலாரத்துக்குத் தனிக் கட்டணம் கொடுக்கலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் 20 படுக்கை நர்சிங் ஹோம் நடத்துகிறோம். 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருக்கிறோம். போன மாதம் ராத்திரி கரண்ட் போனபோது ஜெனரேட்டர் எடுக்கவில்லை; பேட்டரி இறங்கிக் கிடந்தது. ஜெனரேட்டரின் கன்ட்ரோல் பேனல், கட்டடத்தின் பின்பக்கம் இருப்பதால் அலாரம் அடித்ததா என்றே தெரியவில்லை. இப்போது ஏ.எம்.சி. புதுப்பிக்கும்போது அலாரத்துக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். ஆனால் என்னென்ன செய்வார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். 'அலாரம் செக்கிங்' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால் பேனலில் ஒரு பட்டனை அமுக்கி விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அது பல்புக்கான சோதனைதான். ஆயில் பிரஷர், கூலன்ட் சூடு ஆகியவற்றின் சென்சார் பக்கத்தில் பழுதை வரவழைத்து அலாரம் அடிப்பதைக் காட்ட வேண்டும்.

உங்கள் முன்னிலையில் செய்யச் சொல்ல வேண்டியவை இரண்டு. டீசல் வரத்தை மெக்கானிக் நிறுத்திவிட்டு மெயினை இறக்கட்டும். இன்ஜின் சில முறை சுற்றிப் பார்த்துவிட்டு நிற்கும். பெரும்பாலான பேனல்களில் மூன்று முறை. உடனே 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற அலாரம் வர வேண்டும். அடுத்து, செலக்டர் சுவிட்சை ஆட்டோவிலிருந்து ஆஃபுக்குத் திருப்பச் சொல்லுங்கள். அதற்கும் அலாரம் வேண்டும். சர்வீஸ் முடிந்து சுவிட்சை ஆட்டோவில் போடாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. கரண்ட் போகும்வரை யாருக்கும் தெரியாது. நோயாளிகள் யாரும் மின்சாரக் கருவியை நம்பி இல்லாத நேரமாகப் பார்த்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததன் வேர் அநேகமாகப் பேட்டரி சார்ஜர். இன்ஜின் ஓடாத நாட்களில் பேட்டரியைக் காப்பது அதுதான். அதன் எம்.சி.பி. (மின் பாதுகாப்பு சுவிட்ச்) இறங்கிவிட்டால் பேட்டரி சத்தமில்லாமல் வடியும். 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜர் இணைப்பில் 13.5 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். வாட்ச்மேனே தினம் பார்த்து நோட்டில் எழுதலாம். சார்ஜர் பழுதுக்கும் தனி அலாரம் கேளுங்கள்.

அலாரத்தின் இன்னொரு முனை நர்ஸ் டூட்டி அறையில் இருக்கட்டும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் தரவிதிகள் ஆள் இருக்கும் இடத்தில் அலாரம் வேண்டும் என்கின்றன. மாதம் ஒருமுறை குறைந்தது 30 சதவீத லோடில் 30 நிமிடம் ஓட்டவும் சொல்கின்றன. நமக்கு அவை சட்டம் இல்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பதை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை.

ஒப்பந்தத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. வணிக நோக்கில் பெறும் சேவையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கிவைக்கிறது. சர்வீஸ் நிறுவனம் அதைத்தான் முதலில் சொல்லித் தப்பப் பார்க்கும். ஆனால் பணம் கட்டிச் சிகிச்சை பெறும் நோயாளி உங்கள் நுகர்வோர். 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், வராவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்பதையும் எழுதுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு சோதனை அறிக்கையிலும் டூட்டி நர்ஸ் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தவணையைக் கொடுங்கள்.