மின்சாரக் காரை விடுங்கள், முதலில் கடனட்டையைப் பாருங்கள்

கேள்வி: நானும் கணவரும் வேலை செய்கிறோம், இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 285,000 ரூபா. ஒரு மகன், வெள்ளவத்தையில் வாடகைத் தொடர்மாடி. சூழலை நினைத்தும் செலவை நினைத்தும் எவ்வளவோ குறைத்துவிட்டோம். கடைக்குத் துணிப்பைதான், ஏசி போடுவதில்லை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர புது உடுப்பு இல்லை. கரண்ட் குறைவாக இழுக்கும் பிரிட்ஜும் வோஷிங் மெஷினும் தவணையில் வாங்கினோம். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை, கடனட்டை ஏறிக்கொண்டே போகிறது. இப்போது 70 இலட்சத்துக்கு ஒரு மின்சாரக் கார் பார்த்திருக்கிறோம். கனடாவில் இருக்கும் அண்ணா கொஞ்சம் தருவார், அம்மாவின் நகையையும் அடகு வைத்தால் முற்பணம் சரி. மீதி 30 இலட்சத்துக்கு ‘பசுமை லீசிங்’ தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. நகையை எடுத்த இடத்திலேயே வையுங்கள். காருக்குப் பிறகு வருகிறேன், அதற்கு முன் நீங்கள் அனுப்பிய கடனட்டை ஸ்டேட்மென்டைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுக் காசு அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

துணிப்பை, ஏசி எல்லாம் நல்லது, அதில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் மிச்சம் பிடிப்பதற்காகவே சாமான் வாங்கும் ஒரு பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது, அதுவும் தவணையில். பிரிட்ஜ் 310,000, 24 மாதம், மாதம் கிட்டத்தட்ட 13,000. வோஷிங் மெஷின் 12 மாதத்துக்கு 14,000 வீதம். தண்ணீர் பில்டரும் எயார் பிரையரும் சேர்ந்து 5,000. கணவரின் தம்பிக்கு உங்கள் கடனட்டையில் எடுத்துக் கொடுத்த போன் 6,000. கூட்டினால் மாதம் 38,000.

பிரிட்ஜை மட்டும் எடுத்துப் பார்ப்போம். உங்கள் கரண்ட் பில் 4,900 ரூபாவிலிருந்து 3,100 அளவுக்கு இறங்கியிருக்கிறது. 150 அலகு 120 ஆனதால் கடைசி அலகுகளின் கூடின விலையும் போய், நிலையான கட்டணமும் ஒரு படி இறங்கியது, அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். நல்ல விஷயம்தான். ஆனால் மாதம் 1,800 ரூபா மிச்சம் பிடித்து 310,000 ரூபாவை எடுக்க 14 வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்தப் பிரிட்ஜ் உழைக்குமா?

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது. பழைய பிரிட்ஜின் கதவு சரியாக ஒட்டாமல் ஓரமெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது என்கிறீர்கள். அது கதவு ரப்பர் போனதன் அடையாளம். குளிர் வெளியே போகப் போக மோட்டர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். ரப்பரை மாற்றச் சில ஆயிரம் ரூபா போதும், இந்த வேலைக்கு வீட்டுக்கே வந்து செய்பவர்கள் கொழும்பில் தாராளமாக இருக்கிறார்கள். அந்தப் பிரிட்ஜை இப்போது மட்டக்களப்பில் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள், அங்கே அது இரண்டாவது பிரிட்ஜாக, அதே தளர்ந்த ரப்பரோடு ஓடுகிறது. ஒரு பிரிட்ஜ் இருந்த குடும்பத்தில் ஒன்று கூடிவிட்டது. சூழலுக்கு இதில் என்ன லாபம் என்று யோசியுங்கள்.

சரி, ‘வட்டியில்லாத் தவணை’ என்றுதானே எடுத்தோம் என்பீர்கள். ஒவ்வொரு மாதமும் பில்லை முழுதாகக் கட்டினால்தான் அது வட்டியில்லாதது. உங்கள் கணக்கைப் பாருங்கள்: வாடகை 90,000, சாப்பாடு 75,000, மகனின் ஸ்கூலும் வானும் 35,000, கரண்ட் தண்ணீர் போன் 15,000, பஸ் ரயில் ஓட்டோ 14,000, அம்மா அப்பாவுக்கு 15,000. இதற்கே 244,000 போய்விடுகிறது. மீதி 41,000. தவணை 38,000 போனால் 3,000 நிற்க வேண்டும், ஆனால் கடனட்டையில் ஏற்கனவே 240,000 நிலுவை நிற்கிறது, உங்கள் ஸ்டேட்மென்டில் போட்டிருக்கும் 26 சதவீதப்படி அதற்கு மாத வட்டி மட்டும் 5,200. ஆகவே ஒவ்வொரு மாதமும் இரண்டாயிரம் குறைகிறது, அந்தக் குறையும் கடனட்டையிலேயே ஏறுகிறது, அடுத்த மாதம் அதற்கும் வட்டி. முழுதாகக் கட்டாததால் புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது.

இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. 300,000 ரூபாவை 8 சதவீதத்துக்கு நிலையான வைப்பில் போட்டு ‘ஆபத்துக்கு இருக்கட்டும்’ என்று தொடாமல் வைத்திருக்கிறீர்கள். அதில் 240,000க்கு, பிடித்துவைக்கும் வரி 10 சதவீதம் போக, வருஷத்துக்குக் கிடைப்பது 17,000 சொச்சம். அதே 240,000 கடனுக்கு நீங்கள் கட்டுவது 62,000. வருஷம் 45,000 ரூபாவைச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வைப்பை உடையுங்கள். முன்கூட்டியே எடுத்தால் வட்டியில் கொஞ்சம் வெட்டுவார்கள், வெட்டட்டும். நிலுவையைக் கட்டிவிட்டு மீதியைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள், அன்றைக்கே வங்கியில் கடனட்டையின் எல்லையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தவணைகள் முடியும்வரை புதுத் தவணை ஒன்றும் வேண்டாம், அதில் ‘கரண்ட் மிச்சம்’ என்று நட்சத்திரம் ஒட்டியிருந்தாலும் வேண்டாம்.

தம்பியின் போனுக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். கணவரைக் கேட்கச் சொல்லுங்கள், அவருடைய தம்பி. மாதம் முதலாம் திகதி உங்கள் கணக்குக்கு 6,000 தானாக வரும்படி வங்கியில் நிலையான கட்டளை போட்டால் ஒவ்வொரு மாதமும் வாய் திறந்து கேட்கத் தேவையில்லை. அவர் உழைக்கிறவர், கொடுக்கலாம்.

அப்புறம் சாப்பாடு. பெரிய பிரிட்ஜ் வந்த பிறகு ஞாயிறு ஒரு நாளில் முழு வாரத்துக்கும் வாங்குகிறீர்கள், வியாழன் வெள்ளியில் கீரையும் தக்காளியும் குப்பைக்குப் போகின்றன, கிழமைக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபா சாமான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதம் ஐயாயிரம், கரண்டில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கொழும்புக் குப்பையில் பெரும்பகுதி இப்படியான சமையலறைக் கழிவுதான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனதை நாம் மறக்கக்கூடாது, அந்த மேட்டில் இருந்தது நம் வீடுகளில் இருந்து போன குப்பை. வேலை முடிந்து வரும்போது வெள்ளவத்தை மார்க்கெட்டில் இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், அது உங்கள் வழியில்தான் இருக்கிறது. பொலித்தீன் பையைவிட இதில்தான் உங்கள் வீட்டால் அதிகம் செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

இனி கார். 30 இலட்சத்தை ஐந்து வருஷத்தில் 13 சதவீதத்துக்குக் கட்டினால் மாதம் ஏறக்குறைய 68,000, மொத்த வட்டி மட்டும் 11 இலட்சம். காப்புறுதியும் அடகு வட்டியும் வேறு. இப்போது போக்குவரத்துக்கு உங்களுக்கு ஆவது 14,000. உங்களிடம் பெற்றோல் கார் இருந்து அதை மாற்றுவதென்றால் வேறு பேச்சு. நீங்கள் கொள்ளுப்பிட்டிக்கு 100 அல்லது 101 பஸ்ஸில் போகிறீர்கள், கணவர் கோட்டைக்கு ரயிலில் போகிறார், இதைவிடச் சூழலுக்குக் குறைவான பாரம் எந்தக் காரிலும் கிடையாது. தொடர்மாடியில் சார்ஜ் பண்ண வசதியும் இல்லை என்கிறீர்கள். வசதி வந்தாலும் இரவில்தான் போடுவீர்கள், அந்த நேரம் சோலார் இல்லை, வருகிற கரண்டில் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பசுமை லீசிங் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு சதவீதம் குறைத்துத் தந்தாலும் அது கடன்தான், தவணை தவறினால் மற்றக் காரைப் போலவே இதையும் தூக்கிக்கொண்டு போவார்கள்.

வட்டி 5,200, தம்பியின் 6,000, சாப்பாட்டில் ஒரு 4,000 என்று மாதம் பதினையாயிரம் மிச்சம், இப்போது விழுகிற இரண்டாயிரம் குறை போக இந்த மாதமே பதின்மூவாயிரம் கையில் நிற்கும். ஐந்து மாதத்தில் வோஷிங் மெஷின் தவணை முடிகிறது, அந்த 14,000ஐயும் உடைத்த வைப்பை நிரப்பப் போடுங்கள். அம்மாவிடம் சொல்லி அந்தப் பழைய பிரிட்ஜுக்கு ரப்பர் மாற்றுங்கள், அல்லது தேவைப்படுகிற ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அண்ணா அனுப்புகிற காசை மகனின் பெயரில் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.