ராஜநாகம்: வந்த கடிதங்களும் என் பதில்களும்

கேள்வி: வயலில் பன்னிரண்டடி நீளக் கறுப்புப் பாம்பு ஒன்றைப் பார்த்தேன். ராஜநாகம்தானே?

எந்த ஊர், படம் எடுத்ததா, உடம்பில் பட்டை இருந்ததா, எதையுமே எழுதவில்லை. நிறத்தையும் நீளத்தையும் மட்டும் வைத்து நான் எப்படிப் பெயர் சொல்வது? சமவெளி வயல் என்றால் அநேகமாகச் சாரை. பயந்து பார்த்த பாம்புக்கு நாலடி கூடிவிடும். தமிழ்நாட்டில் ராஜநாகத்துக்கு ஆனைமலை, களக்காடு, அகத்தியமலை போன்ற மேற்கு மலைக் காடுகள்தான் வீடு. அடுத்த முறை ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். எந்தப் பாம்பானாலும் ஒதுங்கி நில்லுங்கள்.

கேள்வி: நல்லபாம்பு முற்றினால் ராஜநாகம் ஆகுமா?

ஆகாது. இரண்டும் வேறு வேறு பேரினம். ராஜநாகத்தின் படம் ஒடுக்கமானது, அதில் மூக்குக்கண்ணாடிக் குறி இருக்காது. உச்சந்தலைக்குப் பின்னால் ஒரு ஜோடி பெரிய செதில் இருக்கும். 2024-இல் ராஜநாகத்தையே நாலு இனமாகப் பிரித்துவிட்டார்கள். நம் மேற்கு மலையில் இருப்பதற்குக் கன்னடத்து மக்கள் அழைக்கும் 'காளிங்கா' என்ற பெயரையே வைத்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

கேள்வி: அதன் இரை என்ன?

பாம்புதான். சாரை, நல்லபாம்பு, குழிவிரியன், சமயத்தில் இன்னொரு ராஜநாகம். உடும்பையும் விழுங்கும். உங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், எலியைத் தேடிச் சாரை வந்திருக்கும், சாரையைத் தேடி இது வந்திருக்கும்.

கேள்வி: எங்கள் எஸ்டேட்டில் ஒரு ராஜநாகத்தைப் பிடித்து, 40 கிலோமீட்டர் தள்ளி அடர்ந்த காட்டில் விட்டார்கள். நல்ல காரியம்தானே?

இல்லை. எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். காடு என்றால் எல்லாக் காடும் ஒன்றா? தண்ணீர் எங்கே, பதுங்கும் பொந்து எங்கே, சாரை எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அந்தப் பாம்புக்குத் தன் இடத்தில்தான் தெரியும். கர்நாடகத்தின் ஆகும்பேயில் உடம்புக்குள் ரேடியோ கருவி வைத்து ராஜநாகங்களைப் பின்தொடர்ந்தார்கள். இடம் மாற்றி விட்ட பாம்பு நிலைகொள்ளாமல் நெடுந்தூரம் அலைந்தது. அலையும் பாம்பு சாலையைக் கடக்கும், புதிய ஊர்களுக்குள் நுழையும். ஒரு ஊரின் பயத்தை இன்னொரு ஊருக்கு ஏற்றி அனுப்பியதுதான் மிச்சம்.

பிடிக்கும் விதம் இன்னும் கொடுமை. கழுத்தை நெரித்துப் பிடிப்பது, வாலைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டுவது, தலையில் முத்தம் கொடுத்து வீடியோ எடுப்பது. இப்படிச் செய்பவரை வீரர் என்று கைதட்டாதீர்கள். உங்கள் எஸ்டேட்டுக்கு வந்த பாம்பு பெரும்பாலும் வழிப்போக்கன். மழைக்காலத்துக்கு முன் ஆண் பாம்பு துணை தேடி அலையும் பருவம் உண்டு. ஒதுங்கி நின்றால் தானே போய்விடும். வீட்டுக்குள் நுழைந்து வெளியேறாவிட்டால் மட்டும் வனத்துறையைக் கூப்பிடுங்கள். பிடித்தாலும் பக்கத்துக் காட்டிலேயே விடச் சொல்லி வற்புறுத்துங்கள்.

கேள்வி: சருகுக் குவியலில் முட்டைகள் இருக்கின்றன. எடுத்து வேறு இடத்தில் பொரிக்க வைக்கலாமா?

கூடவே கூடாது! சருகைத் தன் உடம்பாலேயே வளைத்து இழுத்துக் கூடு கட்டும் பாம்பு இது ஒன்றுதான். 20 முதல் 40 முட்டை வரை இடும். பொரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். தாய் அங்கேதான் காவல் இருக்கும், குஞ்சு வெளிவரும் முன்பு விலகிவிடும். மூங்கில் முள்ளைப் போட்டு ஆள்நடமாட்டத்தைத் தடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள், ஒதுங்கி நில்லுங்கள்.

கேள்வி: கடித்தால் மருந்து உண்டா?

நம் நாட்டு நச்சுமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்குத்தான். ராஜநாகத்துக்கானது தாய்லாந்தில் தயாராகிறது. இதன் நஞ்சு மூச்சை நிறுத்தும். அதனால் செயற்கை சுவாசக் கருவி இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள்.

கேள்வி: உறுமுமாமே?

ஆமாம். சீறல் மாதிரி இருக்காது, நாய் அடித்தொண்டையில் உறுமுவது போலக் கனமாக இருக்கும். அது காதில் விழுந்தால் நீங்கள் ஏற்கனவே ரொம்பக் கிட்டப் போய்விட்டீர்கள்.