வீட்டிலேயே கையால் கணினி கேபினெட் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கடையில் கிடைக்கும் கேபினெட் பிடிக்கவில்லை, மரத்திலோ தகட்டிலோ நானே ஒன்றைச் செய்ய விரும்புகிறேன், எந்த அளவுகள் முக்கியம், மரம் என்றால் தீப்பிடித்துவிடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் இதுவரை மூன்று கேபினெட்டுகள் செய்திருக்கிறேன். முதலாவது முழுக்க ப்ளைவுட், இரண்டாவது அலுமினியத் தகடு, மூன்றாவது ப்ளைவுட் உடலும் ஒரு பழைய இரும்பு கேபினெட்டிலிருந்து வெட்டியெடுத்த முதுகும் சேர்ந்தது. இந்தப் பதிலை மூன்றாவதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டும் இப்போது கருவிப் பெட்டிகளாக இருக்கின்றன.

தச்சுவேலையில் பழக்கம் இல்லாதவர்களும் செய்யலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். கேபினெட்டுக்கு ஆறு பக்கங்கள் உண்டு. அவற்றில் ஐந்து பக்கங்களில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் உப்புத்தாளும் மரப்பசையும் சரிசெய்துவிடும். பின்சுவர் மட்டும் அரை மில்லிமீட்டர் பிசகைக்கூடப் பொறுக்காது. மதர்போர்டின், அதாவது மற்ற உதிரிபாகங்களை இணைக்கும் முதன்மைச் சர்க்யூட் போர்டின், போர்ட்டுகள் வெளியே வருவதும், கிராபிக்ஸ் கார்டின் உலோகப்பட்டை வந்து திருகில் பூட்டிக்கொள்வதும் அந்தச் சுவரில்தான். ஆகவே பெரும்பாலானோர் செய்வதுபோல முன்பக்க அழகை வரைந்துகொண்டு தொடங்காமல், பின்சுவரிலிருந்து தொடங்கி முன்னோக்கி வாருங்கள்.

போர்ட்டுகளுக்கான செவ்வகத் துளையின் அளவு 158.75 × 44.45 மில்லிமீட்டர். கார்டு துளைகள் ஒன்றுக்கொன்று 20.32 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைகின்றன. எண்கள் விசித்திரமாகத் தெரிந்தாலும் இவை 6.25, 1.75, 0.8 அங்குலங்கள்தாம். இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட, மதர்போர்டுகளுக்கும் கேபினெட்டுகளுக்குமான ஏடிஎக்ஸ் அளவுமுறை அங்குலக் கணக்கில் எழுதப்பட்டதால், மில்லிமீட்டரில் முழு எண்ணாக்க முயன்றால் ஒவ்வொரு துளையிலும் சிறிது சிறிதாகப் பிசகு சேர்ந்து, கடைசித் துளையில் கார்டு நுழையாது. அங்குல அளவுகோல் இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது.

முதல் கேபினெட்டில் என் அளவுகளெல்லாம் சரியாகவே இருந்தன. கேபினெட்தான் தவறாக இருந்தது. மைக்ரோ ஏடிஎக்ஸ் எனப்படும் சற்றுச் சிறிய மதர்போர்டைப் பலகையின்மேல் படுக்கையாக வைத்து, முன்னாலிருந்து பார்த்தபடி பின்சுவரின் படத்தை ஒரு தாளில் வரைந்தேன். அப்படிப் பார்க்கும்போது போர்ட்டுகள் வலப்பக்கமும் கார்டுகள் இடப்பக்கமும் இருக்கும். வரைந்த தாளைப் பின்சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டி, ஒரு மாலை முழுவதும் நுணுக்கமாக அறுத்து, அரத்தால் ராவி, பிசிறு போகத் தேய்த்து, பெருமையோடு பொருத்திப் பார்த்தபோது போர்ட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் கார்டு துளைகள் இருந்தன. வெளியிலிருந்து பார்க்கும்போது இடமும் வலமும் மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பென்சில் கையில் இருக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தத் தாளிலும் முதலில் எழுதுவது “வெளிப்புறம்” அல்லது “உட்புறம்” என்ற ஒரு சொல்லைத்தான்.

இன்னொரு தவறு கணக்கில் வராத தவறு. அந்தப் பின்சுவரை 9 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் செய்திருந்தேன். மதர்போர்டுடன் வரும் போர்ட் மறைப்புத் தகட்டின் விளிம்புகள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டைக் கவ்வுவதற்காக மடிக்கப்பட்டவை. கனமான மரத்தில் அவை கவ்வாது. அதைவிடப் பெரிய சிக்கல், போர்ட்டுகள் மரத்தின் கனத்துக்குள் புதைந்துவிடுவதால், கேபிளின் தலைப்பகுதி மரத்தில் முட்டிக்கொண்டு முழுமையாக உள்ளே போகாது. ஆகையால் மற்ற ஐந்து பக்கங்கள் எதில் இருந்தாலும், போர்ட்டுகளும் கார்டுகளும் வரும் பகுதியாவது மெல்லிய தகடாக இருக்க வேண்டும்.

அடுத்தது உயரம். மதர்போர்டு பலகையின்மேல் நேரடியாக உட்காரக் கூடாது. அதன் அடியில் உள்ள சாலிடர் முனைகள் எதையும் தொடாதபடி ஸ்டாண்டாஃப் எனப்படும் சிறிய பித்தளைத் தூண்களின்மேல் நிற்க வேண்டும். கேபினெட்டுகளில் வழக்கமாகக் காணப்படும் உயரம் 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். கையில் கிடைத்தது என்று 10 மில்லிமீட்டர் தூண்களை வைத்தால் போர்ட்டுகள் அனைத்தும் துளையின் மேல்விளிம்பில் இடிக்கும். இந்தத் தூண்களில் பெரும்பாலும் 6-32 எனப்படும் அங்குலப் புரியே இருக்கும். எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகங்களைப் பொருத்தும் எம்3 திருகு பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும், ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகினால் புரி தேய்ந்துவிடும். இரண்டு வகைத் திருகுகளையும் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டு வையுங்கள். தூண்களுக்கான துளைகளைக் குறிக்க இணையத்திலிருந்து இறக்கிய படத்தை அச்சிட்டால், அச்சு 100 சதவீத அளவில் வந்திருக்கிறதா என்று அளவுகோலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். நான் அதையும் நம்பாமல், மதர்போர்டையே தாளின்மேல் வைத்துத் துளைகளின் வழியே பென்சிலால் குறித்துக்கொள்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டின் உலோகப்பட்டையைக் கூர்ந்து பாருங்கள். மேல்முனை மடிந்து திருகுக்கான வாயோடு இருக்கும். கீழ்முனை குறுகி, ஒரு நாக்குபோல மதர்போர்டின் மட்டத்துக்கும் கீழே இறங்கும். பலகையைப் பின்சுவரோடு ஒட்ட நிறுத்திவிட்டால் அந்த நாக்கு இறங்க இடமிருக்காது. கார்டு ஸ்லாட்டில் முக்கால்வாசி மட்டுமே உட்கார்ந்து, அழுத்த அழுத்த மதர்போர்டு வளையும். எனக்கு இது நேர்ந்தபோது கார்டுதான் பழுதோ என்று அரைமணி நேரம் சந்தேகித்தேன். பிறகு உளியால் பலகையின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் எடுத்ததும் கார்டு “டக்” என்று உட்கார்ந்தது.

இத்தனைக்கும் ஒரே தீர்வாக நான் பரிந்துரைப்பது, பழைய கேபினெட் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் முதுகுத் தகட்டையும் மதர்போர்டு தாங்கும் தட்டையும் சேர்த்தே வெட்டியெடுப்பதைத்தான். ரிவெட்டுகளின் தலையை டிரில்லால் துளைத்தால் இரண்டும் எளிதில் கழன்று வரும். இது ஏமாற்றுவேலை, முழுக்க நானே செய்ததாகாது என்று சிலர் சொல்வார்கள். வீடு கட்டுகிறவர் தாழ்ப்பாளையும் கீலையும் தானே வார்ப்பதில்லை. அளவு பிசகக் கூடாத பகுதியைத் தொழிற்சாலை எந்திரம் செய்யட்டும். மற்றவற்றில் நம் கைவண்ணத்துக்கு வேண்டிய இடம் இருக்கிறது.

மதர்போர்டு அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏடிஎக்ஸ் 305 × 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய மினி ஐடிஎக்ஸ் 170 × 170. முதன்முறை செய்பவர்கள் மினி ஐடிஎக்ஸின் சிறிய உருவத்தில் மயங்கிவிடுகிறார்கள். சின்னப் பெட்டியில் கை நுழையாது, கேபிள் வளையாது, காற்றும் ஓடாது. மைக்ரோ ஏடிஎக்ஸ்தான் கற்றுக்கொள்ள ஏற்ற அளவு. பவர் சப்ளை வழக்கமான வகையென்றால் 150 மில்லிமீட்டர் அகலமும் 86 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது, நீளம் மட்டும் மாறும். அதன் பின்னால் கேபிள் கற்றை வளைந்து திரும்ப நான்கு விரற்கடை இடம் கூடுதலாக விடுங்கள். கேபிளின் தடிமனைக் காகிதத்தில் யாரும் வரைவதில்லை. பொருத்தும்போதுதான் அதன் பிடிவாதம் தெரியும்.

அதனால்தான் மரத்தைத் தொடுமுன் அட்டையில் ஒருமுறை செய்துபார்க்கச் சொல்கிறேன். கனமான அட்டைப்பெட்டியை வெட்டி, டேப்பால் ஒட்டி, உதிரிபாகங்களை உள்ளே வைத்து, எல்லாக் கேபிள்களையும் செருகிப் பாருங்கள். மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. அட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், மரத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகும்.

இனி தீயைப் பற்றி. கணினியின் சில்லுகள் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் தாமே நின்றுவிடும். மரம் தீப்பற்ற 200 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஆகவே வழக்கமான சூட்டில் மரம் எரியாது. 1976இல் வந்த ஆப்பிள் 1 வெறும் சர்க்யூட் போர்டாகத்தான் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் பலர் மரப்பெட்டியைத் தாமே செய்து அதில் பொருத்திக்கொண்டார்கள். எனினும் ஏதாவது கேபிளில் ஷார்ட் ஆனால், இரும்புப்பெட்டி தீயை உள்ளேயே அடக்கிவைப்பதுபோல மரப்பெட்டி அடக்காது. எனவே பவர் சப்ளையில் சிக்கனம் பார்க்காதீர்கள். அதன் உறையைக் கழற்றி உள்பாகத்தை மட்டும் பொருத்தினால் அழகாக இருக்கும் என்ற எண்ணம் வந்தால் உடனே கைவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

எர்த் இணைப்பும் முக்கியம். பவர் சப்ளையின் உலோக உறை மூன்று முனைப் பிளக் வழியாக எர்த்துடன் இணைந்திருக்கிறது. இரும்பு கேபினெட்டில் அந்த உறையைப் பிடிக்கும் திருகுகளே கேபினெட் முழுவதையும் எர்த் ஆக்கிவிடுகின்றன. மரத்தில் அப்படி நடக்காது. ஆகவே பவர் சப்ளையையும் பின்சுவர்த் தகட்டையும் உலோகத்தோடு உலோகம் தொடும்படி திருகுங்கள். தகட்டுக்குப் பெயின்ட் அடித்திருந்தால் திருகு உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டிவிட வேண்டும். வேறொன்றும் உண்டு: உலோகப்பெட்டி மின்காந்த இரைச்சலைத் தடுக்கும், மரம் தடுக்காது. அருகில் வானொலிப் பெட்டி இருந்தால் அது கரகரக்கக்கூடும்.

அலுமினியத்தில் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் கையில் கீறல்கள்தாம். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டை வீட்டில் அறுத்துவிடலாம், ஆனால் மடிக்கும் எந்திரம் இல்லாமல் நேராக மடிப்பது கடினம். ஆகவே மடிக்காமல் எல்-வடிவச் சட்டங்களில் திருகி இணைப்பதே நடைமுறைக்கு உகந்தது. அக்ரிலிக் வேகமாகத் துளைத்தால் சூட்டில் இளகி டிரில் பிட்டில் ஒட்டும், அழுத்தித் துளைத்தால் விரிசல் விடும். மெதுவாக, அடியில் ஒரு மரத்துண்டை வைத்துத் துளைக்க வேண்டும். முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ வகைப் பிளாஸ்டிக் 60 டிகிரியளவிலேயே இளகத் தொடங்கும் என்பதால் கிராபிக்ஸ் கார்டுக்கு அருகில் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

காற்றோட்டத்தில் மரத்துக்கு ஒரு குறை உண்டு. இரும்பு ஓரளவு வெப்பத்தைத் தானே வெளியேற்றும், மரம் வெப்பத்தை வைத்துக்கொள்ளும். எனவே எல்லாமே மின்விசிறியின் பொறுப்பு. 120 மில்லிமீட்டர் மின்விசிறியின் திருகுத்துளைகள் 105 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். முன்னால் இரண்டு உள்ளிழுக்கவும் பின்னால் ஒன்று வெளித்தள்ளவும் வைத்தால் உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதனால் இடுக்குகள் வழியே தூசு நுழைவது குறையும். உள்ளிழுக்கும் இடங்களில் வலை போடுங்கள். முன்பக்கத்தில் அழகுக்காகச் சிறுசிறு துளைகள் போட்டவர்கள், அவற்றின் மொத்தப் பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் மின்விசிறி எதற்காக அவ்வளவு சத்தம் போடுகிறது என்று புரிந்துகொள்வார்கள்.

ஆன் செய்யும் பொத்தானைப் பற்றி எல்லோரும் தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள். மதர்போர்டில் அதற்கென்று உள்ள இரண்டு பின்களும் ஒரு கணம் தொட்டுக்கொண்டால் போதும், கணினி இயங்கும். அதில் வீட்டு மின்சாரம் ஓடுவதில்லை, எந்த ஒயர் எந்தப் பின்னில் என்பதும் பொருட்டில்லை. கணினி இயங்குவதைக் காட்டும் சிறு விளக்குக்கு மட்டும் நேர், எதிர் முனை பார்க்க வேண்டும். அழுத்தினால் தொட்டு, விட்டால் பிரியும் எந்தப் பொத்தானும் சரிவரும். நான் வாசற்கதவின் அழைப்புமணிப் பொத்தானை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் சிறுவர்கள் அதை அழுத்திவிட்டு மணி கேட்கவில்லையே என்று காத்திருக்கிறார்கள்.

அறுப்பது, துளைப்பது, தேய்ப்பது, வார்னிஷ் அடிப்பது எல்லாம் முடிந்து, தூசு துடைத்து, வார்னிஷின் வாடை அடங்கிய பிறகே உதிரிபாகங்கள் உள்ளே போக வேண்டும். மதர்போர்டு உள்ளே இருக்கும்போது “ஒரேயொரு துளைதானே” என்று டிரில்லை எடுக்காதீர்கள். அலுமினியத் துகள் காந்தத்தில் ஒட்டாது, பின்களுக்கு நடுவே விழுந்தால் தேடியெடுப்பதும் எளிதல்ல. மழைக்காலத்தில் மரம் உப்பும் என்பதால் மேல்மூடியைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அந்த மூடியைத் திருகில் நிறுத்துங்கள், பசை போடாதீர்கள். முதல் கேபினெட்டில் திருகுத்தலைகள் தெரிவது அழகில்லை என்று நான் ஒட்டிவிட்டேன். நான்கு மாதம் கழித்து ஒரு ராம் துண்டைச் சேர்ப்பதற்காக அதை உளியும் சுத்தியலும் கொண்டுதான் திறக்க வேண்டியிருந்தது.