கண்ணாடி பவர் -5.00 என்றால் லென்ஸும் -5.00 தானா?

கண்ணாடிச் சீட்டில் -5.00, கையில் கிடைத்த கான்டாக்ட் லென்ஸ் பெட்டியில் -4.75, மாற்றிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, கான்டாக்ட் லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. அந்த இடைவெளி போய்விடுவதால் மைனஸ் பவர் கொஞ்சம் குறைந்தாலே போதும். -4.00-ஐ எட்டாத பவருக்கு இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. -8.00 கண்ணாடிக்கு லென்ஸ் ஏறக்குறைய -7.25 வரும். பிளஸ் பவர் என்றால் தலைகீழ், லென்ஸில் கூடும்.

முதல் நாள் எல்லாம் சற்றுப் பெரிதாகத் தெரியும். இத்தனை நாள் மைனஸ் கண்ணாடி சுருக்கிக் காட்டியதுதான் காரணம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு இழப்பும் உண்டு: கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படிக்கும் வசதி லென்ஸில் கிடையாது.

போடுமுன் லென்ஸை விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு கிண்ணம்போல் எழுந்து நின்றால் சரி. தட்டுபோல் வெளியே விரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது, போட்டால் உறுத்தும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ லென்ஸில் படவே கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே பறித்துவிடும். கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, சொல்யூஷன் (லென்ஸ் கழுவும் திரவம்) விட்டு மெதுவாகத் தேய்த்து அலசுங்கள். லென்ஸ் வைக்கும் டப்பாவில் பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். டப்பாவையும் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கண் சிவந்து வலித்தால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.